ஆறாவது விரலும் அத்தையின் முழங்காலும்

தை மாதக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். என் அத்தை ஒரு காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு காலத்தில் கும்பகோணத்து மகாமகக் குளத்தை மூன்று தரம் சுற்றி வந்த பின்னும் "களைப்பு" என்ற சொல்லை வாயில் வைக்காதவள். இப்பொழுதோ திண்ணையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் தூணைப் பார்க்கிறாள், பிறகு பகவானைக் கூப்பிடுகிறாள், அப்புறந்தான் எழுந்திருக்கிறாள்.

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாளில், கடற்கரையில் ஓடுகிற ஒரு கிழவரின் வர்ணப்படம். அதன் கீழே, நோயாளியின் உயிரணுக்களைக் கொண்டே தேய்ந்துபோன மூட்டைப் புதிதாக்கித் தருவதாகவும், கத்தியும் கட்டிலும் தேவையில்லை என்றும், வயது ஒரு தடையே அல்ல என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலை மாத்திரம் அச்சிடப்படவில்லை. அதை அத்தை டெலிபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"வாய்க்கால் ஓரத்து நிலம் மூன்று மா இருக்கிறதே, அதை விற்றால் சரியாயிருக்கும்" என்றாள்.

"அத்தை, அது உங்கள் பெயரில் மிச்சமிருக்கிற ஒரே நிலம் அல்லவா?"

"நிலத்திலே இறங்கி நடக்கக் கால் இல்லாமற் போன பிறகு நிலம் எதற்கடா அப்பா? நீதான் வாராவாரம் ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொல்லுகிறாயே. எனக்கு இது ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லு. மற்றதையெல்லாம் பத்திரிகையில் எழுதிக்கொள்."

பத்து நாள் தவணை கேட்டேன். அதற்குள் யாரிடமும் அச்சாரம் வாங்கக் கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்தப் பத்து நாளில் படித்ததையும், விஷயம் தெரிந்த வைத்திய நண்பர்களிடம் கேட்டதையும் இந்த வாரம் நேயர்கள் முன்னிலையில் வைக்கிறேன். நம் வீடுகளில் தூணைப் பார்த்து எழுந்திருக்கிறவர்கள் என் அத்தை ஒருத்தி மட்டும் அல்லவே!

முழங்கால் என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம். எலும்போடு எலும்பு நேராக உரசினால் நாம் ஒரு நாள்கூட நடமாட முடியாது. ஆகையால் இரண்டு எலும்புகளின் நுனியிலும் குருத்தெலும்பு என்ற ஒரு மேற்பூச்சு இருக்கிறது. ஆட்டுக்கால் சமைக்கும் வீடுகளில் எலும்பின் முனையில் முத்துப்போல் பளபளக்கும் வெண்மையான பாகத்தைப் பார்த்திருப்பார்கள், அதுதான் இது. கனம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் வழவழப்புக்கு ஈடாக மனிதன் செய்த யந்திரம் எதிலும் ஒரு வஸ்து கிடையாது. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைக் காட்டிலும் இலகுவாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்.

இந்தப் பூச்சில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது ஒருவகை நார்வலை. அந்த வலையை நெய்கிறவர்கள் குருத்தெலும்பு உயிரணுக்கள். ஆனால் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் இந்த நெசவாளர்கள் வாழும் இடம். ஒவ்வொருவரும் தனித்தனிக் குழியில், அண்டை அயல் இல்லாமல், ஆயுள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் இரத்தக் குழாய் போவதில்லை, நரம்பும் போவதில்லை. நாம் நடக்கும்போது கடற்பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல் பூச்சு அமுங்கி எழும்புகிறது. அப்பொழுது உள்ளே சென்று வெளியே வரும் மூட்டு நீர்தான் அவர்களுக்கு ஆகாரம்.

தோலில் காயம் பட்டால் இரத்தம் வருகிறது. இரத்தத்தோடு பழுது பார்க்கும் ஆட்களும் வந்து சேருகிறார்கள். எலும்பு முறிந்தாலும் அப்படியே. குருத்தெலும்புக்கோ இரத்தமே கிடையாது. ஆகவே பழுது பார்க்க வருவாரும் இல்லை. நரம்பு இல்லாததால் பழுது நேர்ந்த சேதியும் ஆரம்பத்தில் நமக்கு எட்டுவதில்லை. வலி தெரியும் சமயத்தில், பூச்சுக்கு அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் கஷ்டப்பட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். வில்லியம் ஹண்டர் என்ற வைத்திய மேதை 1743-ஆம் வருஷத்திலேயே லண்டன் ராயல் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், ஒரு தரம் அழிந்த குருத்தெலும்பு திரும்ப வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல் எந்த வைத்தியரும் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதத் துணியவில்லை.

துணிந்தவர்கள் ஸ்வீடன் தேசத்தில் கோதன்பர்க் நகரத்துக்காரர்கள். லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் என்ற இரண்டு ரண சிகிச்சை நிபுணர்களும் அவர்களுடைய சகாக்களும், முயல்களிடம் செய்து பார்த்த சோதனையை 1987-இல் முதன்முதலாக மனிதரிடம் செய்தார்கள். யோசனை எளிமையானது. பழுது பார்க்கும் ஆட்கள் தாமாக வராவிட்டால், நாமே ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் அங்கே குடியேற்றினால் என்ன?

செய்த விதம் இது. முழங்காலில் அதிகப் பாரம் விழாத ஓர் ஓரத்திலிருந்து, நகக்கண்ணளவு குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். பரிசோதனைச் சாலையில் அதை நொதியங்களால் கரைத்து, நாரை நீக்கி, உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அவற்றைக் கண்ணாடித் தட்டில் இட்டு, நோயாளியின் இரத்தத்திலிருந்தே எடுத்த தெளிநீரை ஊட்டி, இரண்டு மூன்று வாரம் வளர்ப்பார்கள். குழியில் தனியாகக் கிடந்த அணுக்கள், இடமும் ஆகாரமும் கிடைத்தவுடன் பெருகிப் பல மடங்காகிவிடும். பிறகு முழங்காலைத் திறந்து, குருத்தெலும்பில் பள்ளம் விழுந்த இடத்தைச் சுத்தம் செய்து, கீழ்க்கால் எலும்பின் மேலுறையில் ஒரு துண்டு எடுத்து, அதைப் பள்ளத்தின்மேல் மூடிபோல் வைத்துச் சுற்றிலும் மெல்லிய இழையால் தைப்பார்கள். ஒரு மூலையில் மட்டும் சிறு வாய் விட்டு, அதன் வழியாக அணுக்களைத் திரவத்தோடு உள்ளே செலுத்தி, வாயையும் அடைத்துவிடுவார்கள். அப்புறம் நோயாளியின் பொறுமைக்குப் பரீட்சை. பல வாரங்கள் அந்தக் காலில் முழுப் பாரத்தை ஊன்றக் கூடாது. ஓடி விளையாட ஒரு வருஷம் போலக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணாடித் தட்டில் பரந்து வாழப் பழகிய உயிரணு, சில வாரங்களில் தன் குலத்தொழிலை மறக்கத் தொடங்குகிறது. பட்டணத்துக்குப் போன பிள்ளை சொந்த ஊர்ப் பேச்சை மறப்பதுபோலத்தான். வழவழப்பான நல்ல நாருக்குப் பதிலாக, தழும்பில் இருப்பது போன்ற முரட்டு நாரை நெய்ய ஆரம்பித்துவிடும். ஊருக்குத் திரும்பி வந்தால், அதாவது நாலு பக்கமும் பொதிந்த இடத்தில் வைத்தால், பழைய பேச்சு நினைவுக்கு வரலாம், வராமலும் போகலாம். இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வியெல்லாம் பெரும்பாலும் இந்த ஞாபக சக்தியைப் பொறுத்தது. அளவுக்கு மீறிப் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை கூடும், வித்தை குறையும்.

1994-ஆம் வருஷம் அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகையொன்றில் இவர்கள் தங்கள் முதல் 23 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தொடை எலும்பின் நுனியில் பள்ளம் விழுந்திருந்த 16 பேரில் 14 பேருக்கு இரண்டு வருஷத்துக்குப் பின் நல்ல குணம் தெரிந்தது. முழங்கால் சில்லின் பின்புறத்தில் பழுதிருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான் குணம். இரண்டாவது எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதிய அந்த வைத்தியர்களிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. அத்தையின் காகிதத்தில் அப்படிப்பட்ட எண்ணிக்கை எதுவும் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

உலகம் பரபரப்படைந்தது. 1997-இல் அமெரிக்க அரசாங்கம் இம்முறையில் தயாரித்த அணுக்களை விற்க அனுமதி கொடுத்தது. எலும்பின் உறையை எடுத்துத் தைக்கிற சிரமத்துக்குப் பதிலாக, பன்றியிடமிருந்து எடுத்த புரதத்தால் செய்த மெல்லிய விரிப்பில் அணுக்களைப் பதித்து ஒட்டிவிடும் முறை பிறகு வந்தது. அதற்கு 2016 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. நமது தேசத்திலும் இப்பொழுது இச்சிகிச்சையைச் செய்கிறார்கள்.

"அப்படியானால் அத்தைக்கும் செய்துவிட வேண்டியதுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். நானும் நாலாவது நாள் ராத்திரி வரையில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு, அந்த 23 பேரும் யார் என்று மறுபடி பார்த்தேன். அவர்களில் மிக இளையவருக்கு வயது 14. மிக மூத்தவருக்கு 48. பெரும்பாலும் அடிபட்டு, மற்றபடி ஆரோக்கியமான முழங்காலில், ஓரிடத்தில் பள்ளம் விழுந்தவர்கள். பள்ளத்தின் பரப்பு, மிகப் பெரியதுகூட, ஏழு சதுர சென்டிமீட்டருக்குள். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு கரைபோல் நிமிர்ந்து நின்றது. அந்தக் கரையில்தான் மூடியைத் தைத்தார்கள்.

அத்தையின் வியாதி வேறு. நம்மவர்கள் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். தேய்மானம் என்ற வார்த்தையே கொஞ்சம் ஏமாற்றுகிறது; ஏதோ செருப்பின் அடி தேய்வதுபோல் பூச்சு மட்டும் தேய்ந்திருக்கிறது, மறுபடி பூசினால் தீர்ந்தது என்று தோன்றச் செய்கிறது. உண்மையில் அது மூட்டு முழுவதையும் பிடித்த நோய். பூச்சு மெலிகிறது, அடியிலுள்ள எலும்பு இறுகித் தடித்து ஓரங்களில் முள் முள்ளாக வளருகிறது, சவ்வு அழற்சி கொண்டு வீங்கி, குருத்தை அரிக்கும் ரசங்களை மூட்டு நீரில் கலக்கிறது, இடையே இருக்கும் பிறைவடிவ மெத்தைகள் கிழிகின்றன, கால் வில்போல் வளைந்து, பாரமெல்லாம் உட்பக்கமே விழுகிறது. சாலையில் ஒரு குழி விழுந்தால் ஜல்லி கொட்டி அடைக்கலாம். சாலையே கரைந்து, அஸ்திவாரம் சாய்ந்து, மழையும் ஓயாமல் பெய்துகொண்டிருந்தால் ஒரு கூடை ஜல்லியால் என்ன ஆகும்? அந்த அரிக்கும் நீருக்குள்ளே கொண்டுபோய்விட்ட புது அணுக்களுக்கும் பழைய அணுக்களுக்கு நேர்ந்த கதியே நேரும். தைப்பதற்குக் கரையும் கிடையாது.

இது என்னுடைய சொந்த அபிப்பிராயம் அன்று. இங்கிலாந்தில் பொது வைத்தியச் செலவுக்கு எது தகும் என்று தீர்மானிக்கும் நிறுவனம் 2017-இல் இச்சிகிச்சையை அங்கீகரித்தபோது, பள்ளம் இரண்டு சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும், அதற்கு முன் அந்தப் பழுதுக்கு ரண சிகிச்சை செய்திருக்கக் கூடாது, முழங்காலில் மூட்டுத் தேய்மானம் மிகச் சொற்பமாகவே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எந்த வியாதிக்கு மருந்து என்று அத்தையின் காகிதம் சொல்லுகிறதோ, அந்த வியாதி இருந்தாலே இதைச் செய்யாதே என்கிறது அந்த நிறுவனம்!

இளம் முழங்கால்களிலும் கதை முழு வெற்றி அன்று. எலும்பில் சின்னஞ்சிறு துளைகளிட்டு, இரத்தத்தை ஊறவிட்டுத் தழும்பு உண்டாக்கும் முறை ஒன்று உண்டு. செலவு குறைவு, ஒரே தடவையில் முடிந்துவிடும். நார்வே தேசத்து வைத்தியர்கள் 80 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு அணுக்களை வைத்தார்கள். பாதிப் பேருக்குத் துளையிட்டார்கள். 2004-இல் வெளியிட்ட இரண்டு வருஷத்துக் கணக்கிலும், 2016-இல் வெளியிட்ட பதினைந்து வருஷத்துக் கணக்கிலும் அணு வைத்த கட்சிக்கு மேன்மை ஒன்றும் காணோம். அதைவிட முக்கியம், இரு கட்சியிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தலைகாட்டியிருந்தது. ஆனால் கோதன்பர்க்காரர்கள் தங்கள் பழைய நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி விசாரித்து 2010-இல் வெளியிட்ட கணக்கில், பதில் போட்ட 224 பேரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர், திரும்பவும் இதே சிகிச்சையைச் செய்துகொள்வோம் என்றிருக்கிறார்கள். பதில் போடாதவர்கள் என்ன நினைத்தார்களோ, அது தபாலில் வராது. பெரிய பள்ளங்களுக்கு அணுச் சிகிச்சையே மேல் என்று சொல்லும் ஆராய்ச்சிகளும் பிற்பாடு வந்திருக்கின்றன. இளைஞனுக்கு, தக்க இடத்தில், தக்க கையால் செய்தால் நல்ல சிகிச்சை என்றுதான் நான் சொல்லுவேன்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அத்தையிடம் "ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிட்டிருப்பேன். ஆனால் ஜப்பானில் ஒரு கூட்டத்தார் என்னை நிறுத்திவிட்டார்கள்.

டோக்காய் சர்வகலாசாலையில் மசாட்டோ சாட்டோ என்பவரும் அவருடைய தோழர்களும், மூட்டுத் தேய்மானத்தோடேயே நேருக்கு நேர் நின்று பார்க்கத் தீர்மானித்தார்கள். அவர்களுடைய ஆயுதம் உயிரணுத் தாள். தெரூவோ ஒகானோ என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த ஒரு தட்டு இருக்கிறது. உடம்பின் சூட்டில் உயிரணுக்கள் அதில் ஒட்டி வளர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துத் தாள்போல் பரவும். சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும். சுரண்டாமல், கரைக்காமல், தாள் முழுசாகத் தானே எழும்பிவிடும். தோசைத் திருப்பி படாமல் தோசை தானாகக் கிளம்பினால் எப்படியோ அப்படி. (நம் வீட்டுத் தோசை சூட்டில் கிளம்பும், இது குளிர்ச்சியில் கிளம்புகிறது. அவ்வளவே வித்தியாசம்.) இத்தாளை அடுக்கடுக்காக வைத்து, தேய்ந்த இடத்தில் விரித்துவிடுகிறார்கள்.

ஆனால் அதற்கு முன் அவர்கள் செய்யும் காரியத்தைக் கவனிக்கவேண்டும். வளைந்த காலின் எலும்பை முழங்காலுக்குக் கீழே அறுத்து, நிமிர்த்திப் பொருத்தி, பாரம் விழும் இடத்தை மாற்றிவிடுகிறார்கள். அஸ்திவாரத்தைச் சரிசெய்த பிறகுதான் ஜல்லி! கத்தியில்லை என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை. 2019-இல் அவர்கள் 8 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வலி குறைந்தது, தேய்ந்திருந்த இடத்தில் நல்ல ஜாதிக் குருத்தெலும்பே வளர்ந்திருந்ததை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். எட்டுப் பேர் என்பது ஒரு மாட்டுவண்டிக் கூட்டம். அதைக் கொண்டு உலகத்துக்கெல்லாம் விதி வகுக்க முடியாது. எலும்பை நிமிர்த்துவது ஒன்றே வலியைக் குறைக்கும் என்பதும் வெகுநாளாகத் தெரிந்த விஷயம். ஆகவே தாளுக்கு எவ்வளவு புகழ், அறுத்து நிமிர்த்தியதற்கு எவ்வளவு புகழ் என்று பங்கிடத் தாள் வைக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

வயதானவரின் அணுக்கள் மந்தமானவை. பெருக்கினால் விரைவில் களைத்துவிடும். ஆகையால் அவர்கள் வேறொரு சுரங்கத்தைத் தேடினார்கள். சில குழந்தைகள் கையிலோ காலிலோ ஆறு விரலோடு பிறக்கின்றன அல்லவா? நம் ஊரில் ஆறு விரல் அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த அதிக விரலைப் பல தேசங்களில் குழந்தைப் பருவத்திலேயே அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன விரலின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு அணுக்கள் இளமை பொருந்தியவை, அபாரமாகப் பெருகுபவை. எறிந்துவிடப்போகும் அந்த விரலைப் பெற்றோரின் சம்மதத்தோடு வாங்கி, அதிலிருந்து தாள்கள் வளர்த்து, 10 கிழ முழங்கால்களில் விரித்துப் பார்த்ததை டோக்காய்க்காரர்கள் 2022-இல் எழுதினார்கள். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லாத குறை இங்கே குணமாகிறது. அயலார் அணுவை எதிர்த்து விரட்டும் இரத்தத்துக் காவலாளிகள் அங்கே எளிதில் போய்ச் சேருவதில்லை.

ஸ்விட்ஸர்லாந்தில் பேசல் நகரத்தார் இன்னும் வேடிக்கை. அவர்கள் மூக்கிலிருந்து எடுக்கிறார்கள்! இரண்டு நாசிக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரும் குருத்தெலும்புதான். அதன் அணுக்கள் எவ்வளவு பெருக்கினாலும் தொழிலை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை என்று கண்டு, ஐவான் மார்ட்டினும் அவருடைய கூட்டாளிகளும் அதிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் அளவில் துண்டு வளர்த்து, 10 பேர் முழங்காலில் வைத்து, 2016-இல் விவரம் வெளியிட்டார்கள். அவர்களெல்லாம் பள்ளம் விழுந்தவர்கள். 2021-இல், தேய்மானமே முற்றி, செயற்கை மூட்டுதான் வழி என்றிருந்த 2 பேருக்கும் செய்து பார்த்து, வலி குறைந்ததாக எழுதினார்கள். இரண்டே பேர், ஆனாலும் ஒரு கதவின் தாழ்ப்பாள் அசைந்திருக்கிறது.

இந்த உற்சாகத்துக்கு நடுவே தென்கொரியாவில் நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். இன்வோஸ்ஸா என்ற ஊசி மருந்துக்கு அந்நாட்டு அரசாங்கம் 2017-இல் அனுமதி வழங்கியது. அதுவும் அயலாரின் குருத்தெலும்பு அணுக்கள்தான். அவற்றில் ஒரு பகுதி, மூட்டைச் செழிக்கச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கும்படி மாற்றப்பட்ட குருத்தெலும்பு அணுக்கள் என்று சொல்லப்பட்டது. மூட்டுத் தேய்மானத்துக்கே ஏற்பட்ட மருந்து, ஆயிரக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள். 2019-இல் அமெரிக்கப் பரிசோதனைக்காக அணுக்களின் ஜாதகத்தைச் சோதித்தபோது, மாற்றப்பட்டவை என்ற அந்த அணுக்கள் குருத்தெலும்பு அணுக்களே அல்ல, பரிசோதனைச் சாலைகளில் நெடுங்காலமாக வளர்த்துவரும் சிறுநீரக வம்சத்து அணுக்கள் என்று வெளிப்பட்டது! ஊசியில் ஏற்றுமுன் அவை பெருகாதபடி கதிர் வீச்சால் அடக்கப்பட்டிருந்தன என்பது ஓர் ஆறுதல். கொரிய அரசாங்கம் அதே வருஷம் அனுமதியை ரத்து செய்தது. அமெரிக்க அரசாங்கம் விசாரணைக்குப் பின் 2020-இல் பரிசோதனையைத் தொடர இடம் கொடுத்தது. அது எப்படியானாலும், தன் முழங்காலுக்குள் குடியேறியவர் யார் என்று அத்தனை பேருக்கும் தெரியாமலிருந்தது. அங்கே அரசாங்கத்தின் அனுமதி இருந்தது, ஆராய்ச்சி இருந்தது, கணக்கு இருந்தது. அப்படியும் இது நேர்ந்தது. வழவழப்பான காகிதத்தைத் தவிர வேறு ஒன்றும் காட்டாதவர்களிடம் என்ன நேராது?

பத்தாவது நாள் அந்தக் காகிதத்திலிருந்த எண்ணுக்கு நானே டெலிபோன் செய்தேன். இனிய குரலில் ஒரு பெண்மணி பேசினாள். "எந்த அணுக்களை வைப்பீர்கள், அம்மா? குருத்தெலும்பு அணுவா, வேறா?" என்று கேட்டேன். "உங்கள் செல்தான் சார்" என்றாள். "உடம்பில் எந்த இடத்திலிருந்து எடுப்பீர்கள்?" என்றேன். "அது டாக்டர் முடிவு செய்வார்" என்றாள். "எழுபத்திரண்டு வயது, கால் வளைந்திருக்கிறது. எக்ஸ்ரே பார்க்க வேண்டாமா?" என்றேன். "முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றாள். வந்தனம் சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தையைத் தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஓர் எலும்பு வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியவேண்டும். வலது முழங்காலின் உட்பக்கத்தில் அது அறவே இல்லை. எலும்பு எலும்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இதில் அணு வைக்க இடம் எங்கே இருக்கிறது, பாட்டி?" என்றார் வைத்தியர். பிறகு பொறுமையாக எல்லாம் சொன்னார். தொடையின் முன்புறத்துத் தசையை வலுப்படுத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சி, தினம் இரண்டு வேளை. உடம்பின் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையும் என்று 2005-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்றார். தரையில் உட்காருவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் பார்த்து, அப்படியும் இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் செயற்கை மூட்டு வைப்பதுதான் தக்க வழி. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்றார். கடைசியாக, "கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அத்தை வலக் கையைக் காட்டினாள். "வலிக்கிற கால் வலது, தடி இடது கையில் இருக்கவேண்டும்" என்று மாற்றிக் கொடுத்தார். அத்தை நாலடி நடந்து பார்த்தாள். ஐந்தாவது அடியில் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷம் இதைக்கூடச் சொல்லவில்லையே என்று அதற்கு அர்த்தம்.

ஊருக்குத் திரும்பும் வழியில் ஜப்பான் கதையையும் பேசல் கதையையும் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை வெகுநேரம் பேசாமலிருந்தாள். ஆறாவது விரல் விஷயத்தில் அவளுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தை நன்றாயிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். பாபநாசம் தாண்டியதும் திடீரென்று மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஏனடா, மூக்கில் எந்த இடத்தில் எடுக்கிறான்?" என்றாள்.

"நடுச்சுவரில், அத்தை. மூக்குத்திக்கு ஒன்றும் ஆகாது."

"எத்தனை வருஷத்தில் நம் பக்கம் வரும்?"

"இன்னும் பரீட்சை முடியவில்லை. பத்து வருஷமாவது ஆகலாம்."

"நாற்றுவிடச் சொல்லி ஆளுக்குச் சொல்லியனுப்பவேண்டும்" என்றாள் அத்தை. "மூன்று மாவுக்கு விதை போதுமா என்று பார்."